இறங்குமிடம்

புல்லட்டோடு சைடுகாரைப் பொருத்தி முடித்த பட்டறைக்கார இசக்கி, "நாய்க்கா அண்ணாச்சி இம்புட்டும்?" என்று சிரித்தான். செல்வின் இன்னொரு மெத்தையை உள்ளே திணித்தான்.

குழந்தை பிறந்ததும் வீட்டில் நாய் வேண்டாமென்று, சிப்பியை இதே புல்லட்டில் கொண்டுபோய், மலையடிவார டீக்கடை எதிரே மைல்கல் அருகில் பன்னைப் போட்டு, "இங்கனயே இரு, வந்துருதேன்" என்று விட்டுவிட்டு வந்தவன் அவன். பாதமெல்லாம் தேய்ந்து வீடு வந்து சேர்ந்த சிப்பி, அவன் கையைத்தான் முதலில் நக்கியது.

சைடுகாரில் முதல் பயணத்தில் சிப்பி காதுகள் பறக்க நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது. அந்த டீக்கடை அருகே வண்டி மெதுவானதுமே தானாகக் குதித்து இறங்கி, அதே மைல்கல் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"ஏறு சிப்பி, ஏறு" என்று செல்வின் கெஞ்சினான்.

அது வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, அவன் கிளம்பக் காத்திருந்தது.