கப்பலுக்குப் போன முதல் சொல்

ஒரு குழந்தை முதன்முதலாக ‘அப்பா’ என்று சொல்வதைக் கடலில் இருக்கும் தகப்பனுக்குக் காட்ட, அந்த வீடியோ அழைப்பு அலுவலகத்தில் விலை நிமிடத்துக்கு இரண்டு டீ காசு.

கப்பலுக்குப் போகும் லைன் அன்று விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தது. லைனைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் பொறியாளர் செய்த காரியத்தைப் பார்த்து மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏம்மா, சவுண்டை ஏன் நிறுத்தினே? லைன் மோசமானா படத்தை விட்டுட்டுக் குரலைக் காப்பாத்துறதுதானே நம்ம வழக்கம்?”

“இன்னைக்குப் படந்தான் சார் முக்கியம். படம் துண்டு துண்டா, பாக்கெட் பாக்கெட்டாத்தானே போகுது; பத்து பாக்கெட்டுக்கு அஞ்சு உபரியா அனுப்புறேன். வழியில சிலது தொலைஞ்சாலும், வந்து சேர்ந்ததை வச்சுக் கணக்குப் போட்டு மீட்டுடலாம்.”

“பத்துக்கு அஞ்சு கொசுறா? கடையை மூடிட வேண்டியதுதான்! மூணு வருஷமாப் பேசாத பிள்ளை பேசப் போகுது. கப்பல்ல மெக்கானிக்கா இருக்கிற அப்பன் அதைக் கேக்க வேணாமா?”

“கொஞ்சம் திரையைப் பாருங்க சார்.”

கப்பலில் தெரியும் படம் துளி நடுக்கமின்றி ஓடியது. குழந்தை வாயைத் திறக்கவில்லை. பிஞ்சு விரல்களைக் குவித்தது, விரித்தது, தகப்பனை நோக்கி நீட்டியது. பக்கத்துச் சதுரத்தில் மெக்கானிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு கிரீஸ் படிந்த விரல்களாலேயே பதில் சொன்னான்.

“குழந்தைக்குக் காது கேக்காது சார். படிவத்துல எழுதியிருந்தாங்க. நீங்க கட்டணக் கட்டத்தோட படிக்கிறதை நிறுத்திட்டீங்க.”

மேனேஜர் திரைக்கு அருகே குனிந்தார். ஒரு விரல் மடங்குவது தவறியிருந்தால் ஒரு சொல்லே போயிருக்கும்! திரையின் ஓரத்தில் ஓடிய கணக்கை மெதுவாகப் படித்தார்.

அனுப்பியது ஆயிரத்து ஐந்நூறு பாக்கெட். வழியில் தொலைந்தது முந்நூற்றுப் பத்து. அப்பாவுக்குக் குறைந்தது ஒன்றுமில்லை.