அப்பா கேட்ட ரசம்

சமையல் வலைப்பூ எழுதும் திலகவதியும் பயணக் கட்டுரை எழுதும் குபேரனும் வாசகர்களைப் பெருக்கக் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். இருவர் மனதில் ஓடுவதையும் படிக்கும் ஒரு மென்பொருள், ஒருவர் நினைவிலிருந்து மற்றவர் தளத்திலும் தானே பதிவு எழுதிப் போடும்.

அப்பாவின் உடலைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டுக் குளித்து வந்து திலகவதி போனைப் பார்த்தாள். அவர் கடைசியாக மிளகு ரசம் கேட்டதைக் குபேரனின் தளம் உருகி உருகி எழுதியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லாதது அது.

"எங்கப்பாவுக்கு அழ நீ யாருடா?" என்று போனில் கத்தினாள்.

"நான் எங்க மேடம் எழுதினேன்? உங்க மனசுல ஓடினதைப் படிச்சு மென்பொருளே எழுதிடுச்சு. கீழே உங்க பக்கத்துக்கு லிங்க்கும் குடுத்திருக்கு. கூட்டம் அள்ளுது, பாருங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதாத ரசக் குறிப்பு, அவள் பெயரிலேயே. அதன் கீழே முதல் பின்னூட்டம்:

"ஆழ்ந்த இரங்கல் அக்கா. புளி எவ்வளவு போடணும்?"