சொல்லாமல் விட்ட 'வாங்க'

பேருந்து நிலையத்துத் தகவல் இயந்திரத்துக்கு ஊர் வழக்கம் அத்துப்படி. யார் கேட்டாலும் நடைமேடையைச் சொல்லி, "போயிட்டு வாங்க" என்று வாயார வழியனுப்பும்.

மகளைப் பார்க்கக் கிளம்பிய சண்முகவடிவிடம் மட்டும், "மூணாம் நடைமேடை. போங்க" என்றது.

அவள் பையைக் கீழே வைத்தாள். 'வாங்க' சொல்லாமல் பிணத்தைத்தானே அனுப்புவார்கள்!

பயணமே வேண்டாமென்று, வீட்டுக்குத் திரும்ப டவுன் பஸ் எங்கே நிற்குமென்று கேட்டாள்.

"ஒண்ணாம் நடைமேடை. போங்க."

அருகிலிருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அதில் படுத்திருந்தவர் எழுந்து இடம் விட்டார்.

"உங்களுக்கும் 'வாங்க' சொல்லலையாக்கா?"

தலையாட்டினாள்.

"எனக்குத் தீபாவளிக்கு முந்தியே சொல்லல. வெளிய மட்டும் கால் வச்சிராதீங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நிலையம் நெடுக, எல்லாப் பெஞ்சுகளுக்கு மேலும் கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது.