காக்கைக்கு வைத்த சோறு

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார் தாணுமாலயன். காக்கை தின்றது, அலகைத் துடைத்தது, இன்னும் உண்டா என்பதுபோல் அவரைப் பார்த்தது.

"நீங்க பொங்கின சோறுதானே, அதுக்குமா சந்தேகம்?" என்றாள் அடுக்களை வாசலுக்கு வெளியே நின்ற பொன்னம்மை. கட்டின பெண்டாட்டிதான், ஆனால் நாற்பது நாளாக அந்த வாசலைத் தாண்ட அவளுக்கு அனுமதி இல்லை. சாவி அவர் அரைஞாணில் தொங்கியது.

நாஞ்சில் நாட்டுக்காரரான பூதலிங்கம் வைத்தியர் அவருடைய நகத்தைப் பார்த்த அன்று தொடங்கிய வினை இது. நகத்தின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"உடம்புக்குள்ள பாஷாணம் போய்க்கிட்டு இருக்குவே, கொஞ்சங் கொஞ்சமா. வீட்டுல யாரு சமையல்?"

அதுவரை சமையல் பொன்னம்மைதான். போன ஆடியில் நடந்த சண்டையில், "ஒருநா சோத்துல வெஷத்தக் கலந்து வச்சிட்டு நிம்மதியா இருப்பேன்" என்று பொன்னம்மை கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது.

தாணுமாலயன் சாமிப்படம் எழுதுகிறவர். திருவனந்தபுரத்தில் பாதி வீட்டுப் பூஜையறையில் அவர் எழுதிய பத்மநாபன்தான் படுத்திருந்தார். அடுப்பில் விறகை எந்தப் பக்கம் செருகுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. உயிர்ப்பயத்தில்தான் அடுக்களைக்குள் போனார்.

மூன்றாம் நாள், காய்ந்த தேங்காயெண்ணெயில் மஞ்சள்பொடி விழுந்து நிறம் விரிந்தது. கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷம் பத்மநாபனுக்குப் பட்டு உடுத்திய கைக்கு அப்படியொரு மஞ்சள் வாய்த்ததில்லை. பிறகு பூசணித்துண்டு வேகவேகச் சிவப்பதையும், முருங்கைக்கீரை ஒரு நொடியில் பச்சை மாறுவதையும் கண்டார். நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லக் கற்றுக்கொண்டார். பயத்தில் உள்ளே போன மனுஷன், ஆசையில் அங்கேயே தங்கிவிட்டார்.

தினமும் சமைத்து, இலையில் பரிமாறி, சாப்பிடுமுன் அந்த இலையை அப்படியே படமாக எழுதினார். மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரிக்கு மஞ்சள் எத்தனை பூசினாலும் மனம் நிறையவில்லை. அது ஊறிய பருக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும் என்று பிடிவாதம். உதட்டில் உருட்டிக் கூராக்கிய பிரஷ் முடியளவு கோடு இழுத்தது. நாற்பது நாளில் சுவர் நிறைந்தது.

உடம்புதான் தேறவில்லை. உள்ளங்கை தடித்து உரிந்தது, வயிறு முன்னைவிட எரிந்தது. தண்ணீரைத் தானே இறைத்தார், உப்பைக்கூட மாற்றினார். அப்படியும் இவள் எந்த வழியாக நுழைகிறாள் என்று பிடிபடாமல், பொன்னம்மையைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே சுசீந்திரத்துக்குப் போயிரு. ஒங்க அண்ணன் வீட்டுலயே இருந்துக்கோ. திரும்பி வராண்டாம்."

பொன்னம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. "போறேன். வைத்தியர வரச் சொல்லியிருக்கேன். அவரு ஒருக்கப் பாத்துட்டுப் போகட்டும்."

வைத்தியர் மத்தியானம் வந்தார். புளிசேரியை ஒரு பிடி பிடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தார். தாணுமாலயன் அதற்குள் தன் இலையை எழுத உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மஞ்சளு ஏதுவே?"

"இங்க மனயோலைன்னு சொல்லுவாங்க. யுத்தத்தோட நின்ன சீமைப் பெயிண்டு, திருக்கொச்சி ராஜ்யம் வந்த பெறவும் சரியா வரல்லையே. அதான் போன வருசம் இதுக்கு மாறினேன். கதகளிக்காரன் மொகத்துல தேய்க்கதுதானே, சாலைக் கடையிலயே கெடைக்கும்."

வைத்தியர் அந்த மஞ்சள் கல்லை எடுத்து, நகத்தால் கீறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பேரு மாறினா கொணம் மாறுமாவே? நம்ம ஊரு வைத்தியத்துல இதுக்கு அரிதாரம்னு பேரு. பாஷாணத்துல ஒண்ணு."

தாணுமாலயனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விஷம் இருந்தது அவருடைய சாயப்பெட்டியில். அடுக்களையைப் பூட்டியவர் பெட்டியைப் பூட்டவில்லை.

மனைவியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "எட்டீ, எம் பெட்டியிலேருந்தே எடுத்தா எனக்குக் கலந்து வச்ச?"

அவள் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தபோது, கை தன் பழக்கத்தில் மஞ்சள் பிரஷ்ஷைக் கொண்டுபோய் உதட்டில் உருட்டியது. பொன்னம்மை ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மொதல்ல அத வாயிலேருந்து எடுங்க."