வாங்க ஆளில்லாத கத்தரி

சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்காகத் திருச்சபையார் வீரபாண்டியில் நடத்தும் பனியன் கூடத்தில் கரண்ட் போகிறது. மிஷின்களின் இரைச்சல் சட்டென்று அடங்க, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே டீக்கு இறங்குகிறார்கள். இன்றுதான் வேலைக்குச் சேர்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்த இசக்கிமுத்து மட்டும் எழுந்து, சின்னக் கத்தரியை உள்ளங்கையில் ஏந்தியபடி மேஜையருகே நிற்கிறார். அவர் இருந்த ஜெயில் தையற்கூடத்தில் வார்டர் வந்து கத்தரியை வாங்கிக்கொள்ளாமல் ஓர் அடி நகர முடியாது. சன்னல் வெயிலில் மிதக்கும் பஞ்சுத்தூசி அவருடைய நரைமுடியில் வந்து படிகிறது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோஸ்மேரி படியேறி வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"அத அங்கனயே வச்சிட்டு டீ குடிக்க வாங்க, அண்ணாச்சி."

"யாரும் வந்து வாங்கிக்கிட மாட்டாவளாம்மா?"

"இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ" என்று சிரித்துவிட்டு அவள் இறங்கிப் போகிறாள். கத்தரியை மேஜைமேல் வைத்த பிறகும் அவருடைய உள்ளங்கை விரிந்தபடியே இருக்கிறது.