பூட்டிய வீட்டு கரண்ட் பில்

ஆனிக் கடைசியில் பால் காய்ச்சிப் பூட்டிய செவிலிமேட்டு வாடகை வீட்டுக்குப் பெரியநாயகி ஆவணியில்தான் குடிவந்தாள். ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் கரண்ட் பில் எகிறியிருந்தது.

"பூட்டின வீட்ல யாருங்க ஃபேன் போட்டுக்கினு கெடந்தது?" என்று வீட்டு ஓனர் ராமலிங்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவி உங்க வீட்லதானமா இருந்துது?" என்றார் அவர்.

"அப்போ மீட்டர்லதான் கோளாறு. ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன்."

"வாணாம்மா, நானே கட்டிடறேன்" என்று மகன் குரு பதறினான்.

ஆடிக்குத் தாய்வீடு போன புது மருமகள் ரேவதி அன்றுதான் திரும்பி வந்து, அந்த வீட்டில் முதன்முதலாக வலதுகால் வைத்தாள். "அப்பா, என்னா வெயிலு!" என்றவள், கதவுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலேயே ஃபேன் சுவிட்சைத் தட்டினாள்.

பெரியநாயகி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"மீட்டர் நல்லாத்தாங்க ஓடுது" என்றாள் ராமலிங்கத்திடம்.