கதிரவெளி சன்ரைஸ்

வொட்கா போத்தல் ப்ரீசருக்குள் கல்லாய் இறுகிக் கிடந்தது. ரதீஸ் அதைச் சுடுதண்ணி வாளிக்குள் வைத்துவிட்டு அவசர அவசரமாக அன்னாசியைச் சீவினான். அன்று பௌர்ணமிப் போயா. அந்த நாளில் குடிவகை விற்றால் லைசன்ஸ் போய்விடும் என்று பாசிக்குடாவில் குழந்தைக்கும் தெரியும். ஹோட்டல் முதலாளி தங்கராசாவுக்குத்தான் தெரியாத மாதிரி.

"இளநிக் கோம்பைக்குள்ள ஊத்திக் குடு. ஆராவது கேட்டா பழ யூஸ் எண்டு சொல்லு!"

அன்னாசிச் சாறு, கொடித்தோடைப்பழச் சாறு, தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், அதுக்கு மேல் வொட்கா. ரதீஸ் தானே கண்டுபிடித்து, தன் ஊர்ப் பெயரையும் வைத்த 'கதிரவெளி சன்ரைஸ்' இதுதான். போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் மூன்று கோம்பை குடித்துவிட்டு, பைலா ஆடியபடியே நீச்சல் குளத்துக்குள் விழுந்தார். எழும்பி வந்து நாலாவது கேட்டார் மனுசன்!

இத்தனைக்கும் ரதீஸ் சுனாமியன்று பனைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தப்பினால் இனிக் குடிவகையைத் தொடவே மாட்டேன் என்று மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்ந்தவன். சண்டை முடிந்து ஹோட்டல்கள் வந்தபோது கிடைத்ததோ பார் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், என்ன செய்வது? புதுப் போத்தல் திறக்கும் வேலையை மட்டும் சமையல் பார்க்கும் குசினிக்காரர் நல்லரத்தினத்திடம் விட்டிருந்தான். அவரும் குசினிக்குள் கொண்டுபோய்ப் பாட்டுப் பாடியபடி திறந்து தருவார்.

நாலு வெள்ளைக்காரர் ஆளுக்கொரு கோம்பை குடித்து முடித்ததுதான் தாமதம், மதுவரி இன்ஸ்பெக்டர் முஹம்மட் வாசலில் நின்றார்.

"தம்பி, கோம்பைக்குள்ள என்ன?"

"யூஸ் சேர்."

"அப்ப அந்த வெள்ளைக்காரர் ஏன் தள்ளாடுறாங்க?"

"வெயில், சேர்."

"சரி. அந்தப் போத்தலைக் கொண்டு வாங்க பாப்பம்."

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. ரதீஸின் பாடு அதைவிட மோசம். போத்தலுக்குள் இருப்பது என்ன என்று இந்த மனுசன் கண்டுபிடித்தால் இன்றோடு வேலை போச்சு. 'பிள்ளையாரே, நீதான் காப்பாத்தோணும்' என்று முணுமுணுத்தபடி போத்தலை நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் அதைக் குலுக்கினார். உள்ளே பாதி இளகாத ஐஸ் கட்டி கடகடவென்று உருண்டது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வொட்கா ப்ரீசர்ல வைச்சாலும் இப்பிடிக் கல்லா உறையாது தம்பி. இது வெறும் கிணத்துத் தண்ணி!"

வாழ்நாளில் வொட்காவை வாயில் வைக்காத ரதீஸுக்கு அது உறையாது என்று எப்படித் தெரியும்?

"கேஸ் இல்ல முதலாளி. நாங்க சாராயம் குடிக்கிறல்ல, இதைக் குடிக்கலாம்," என்று ஒரு கோம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார் இன்ஸ்பெக்டர்.

தங்கராசா ஓடி வந்து ரதீஸைக் கட்டிப்பிடித்தார். "போயாவுக்கெண்டு எனக்கும் சொல்லாமத் தண்ணிய மாத்தி வைச்சிரிக்காய்! மூளைக்காரன்டா நீ! உனக்குச் சம்பளம் கூட்டுறன். நாளையில இருந்து பழையபடி ஊத்து."

"ஓம் சேர்... பழையபடியே ஊத்துறன்."

ரதீஸ் நெஞ்சைத் தடவியபடி குசினிக்குள் போனான். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நல்லரத்தினம் மெல்ல எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு விக்கல் வந்தது.

"எட்டு மாசமாக் குடிச்ச மாதிரி, நாளைக்கும் வொட்கா முழுக்க எனக்குத்தானே மனே?"